ராஜகிரி ஏறி என் கிட்னிய கவுத்த கத

பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட புளுகாத மாப்பிள்ளை எவனும் இல்ல. ஆனா ஒரே புளுகுல ரெண்டு கிட்னியையும் படுக்க வெச்சவன், எனக்குத் தெரிஞ்சி நான் ஒருத்தன்தான்.

ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுபத்தி சொச்சம், அக்னி நட்சத்திரம். பி.ஏ. பாஸ் பண்ண திமிரு எறங்காத நேரம். மேல்சித்தாமூர்லேர்ந்து, எனக்குப் பேசிட்டிருந்த பொண்ணு பத்மாவோட அப்பா என்னைப் பாக்க செஞ்சிக்கு வந்தாரு. எங்க ஜைன ஜனத்துலயே ரொம்ப ஆசாரமானவரு. அம்மா மோர் குடுத்தாங்க. நான் வாங்காம, இன்னிக்கு நோன்பு, தண்ணி கூட பல்லுல படாதுன்னு ஒரு போடு போட்டேன். (காலைல ஆறு இட்லி உள்ள போயிருந்துச்சி. அம்மா பாத்த பார்வைய எழுத முடியாது.)

மனுஷன் சொக்கிட்டாரு. அந்த சந்தோஷத்துல, ராஜகிரி மலைக் கோட்டைய சுத்திக் காட்டுங்கன்னாரு. உச்சி வெயிலு, டெரிலின் சட்ட, அது மேல கோட்டு. அவரு பாதி படில உக்காந்து, கொண்டாந்த தண்ணிய குடிச்சாரு. நான் வேற பக்கம் திரும்பி சரித்திரம் சொன்னேன்.

கொஞ்ச தூரத்துல வேர்வ சுத்தமா நின்னுடுச்சி. அது ஆபத்துன்னு படிச்ச முட்டாளுக்குத் தெரியல.

"பாத்தீங்களா மாமா, ஒரு சொட்டு வேர்வ இல்ல. எல்லாம் நோன்போட மகிம."

அப்புறம் ஒரு பாறைய பாத்து, காலேஜ் பிரின்சிபால்னு நெனச்சி குட் மார்னிங் சொன்னேனாம். அதோட சரிஞ்சிட்டேன்.

ஆடு மேய்ச்சிட்டிருந்த ரெண்டு பேரு என்னைக் கீழ தூக்கியாந்து, அங்க நின்ன ஐஸ் ப்ரூட்காரன் பொட்டிய அப்படியே மேல கவுத்தாங்களாம். ஆஸ்பத்திரில ஈரத்துணி சுத்தி விசிறினாங்க. சூடு எறங்கிடுச்சி. ஒண்ணுக்கு மட்டும் வரல. வந்த ஒரு கரண்டியும் டிகாஷன் கலரு. வெயில்ல சதை கெட்டு, அந்தக் கழிவு கிட்னிய அடச்சிருக்குது, தானா தொறந்தாதான் உண்டு, இல்லன்னா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரு என்னைப் பெத்த நைனாகிட்ட சொன்னாரு.

அடச்ச கிட்னிக்கு தண்ணி குடுத்தா நுரையீரல்ல கோத்துக்குமாம். அதனால நாளைக்கு ரெண்டே டம்ளர் தண்ணி, அதுலயே சக்கர கலந்தது. பருப்பு இல்ல, உப்பு இல்ல. நான் கெஞ்சுவேன், நர்சம்மா அளந்து ஊத்துவாங்க. பொய்யா சொன்ன நோன்ப ஒம்பது நாளு நெஜமா இருந்தேன்.

பத்மாவோட அப்பா தினம் வந்து, நோன்பு இருந்த புள்ளைய மலை ஏத்திட்டேனேன்னு அழுதாரு. பத்தாம் நாளு எனக்கே தாங்கல. எப்படியும் போய்ச் சேரப்போறோம்னு உண்மைய சொல்லிட்டேன்.

"நோன்பெல்லாம் இல்ல மாமா. ஆறு இட்லி."

அவரு துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு கெளம்பிட்டாரு. வாசப்படி தாண்டல, எனக்கு முட்டிடுச்சி. பாட்டில் நெறைஞ்சிது. நர்சம்மா ரெண்டாவது நீட்டினாங்க, அதுவும் நெறைஞ்சிது. வார்டே எந்திரிச்சி எட்டிப் பாக்குது. பொழச்சிட்டான்னு டாக்டரு சிரிச்சாரு, நைனா தேம்பித் தேம்பி அழுதாரு. நான் பட்டம் வாங்கின மாதிரி படுத்திருந்தேன்.

பத்மாவோட அப்பா திரும்பி வந்து பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு.

"உள்ள இருந்த பொய்யெல்லாம் எறங்கிடுச்சி. தை மாசம் வெச்சிக்கலாம்."

இப்பவும் நான் கொல்லப்பக்கம் போயிட்டு வந்தா, என் மாமனாரு பேப்பர்லேர்ந்து தல தூக்காம கேப்பாரு, "எவ்ளோ மாப்ள?" நான் தோராயமா ஒரு கணக்கு சொல்லுவேன். கொறைச்சலா சொல்லிட்டா, பத்மா சொம்போட வந்து நிப்பா. குடிச்சி முடிக்கற வரைக்கும் நகர மாட்டா.