போகட்டும்

என் மகளோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானம் செய்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த தீர்மானம். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. துப்பிவிட்டு அறிவித்தேன்.

"இனிமே அவளுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

"சரி," என்றாள் மனைவி. "இதை அவகிட்ட யாரு சொல்றது?"

"நீதான்."

"அவளும் இதையேதான் உங்ககிட்ட சொல்லச் சொன்னா. ஒரே நடையில முடிஞ்சுது."

மகளுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. கடலுக்கு அடியில் போகும் தொலைபேசிக் கேபிள் அறுந்தால் தேடிப் போய் ஒட்டுகிற கப்பல். ஏறினால் மாதக்கணக்கில் தண்ணீர்தான். நான் வேண்டாம் என்றேன். அவள் போவேன் என்றாள். நாடும் நாடும் பேசிக்கொள்ள வழி செய்யப் போகிறவள் வீட்டில் அப்பாவோடு பேசவில்லை. நான் மட்டும் இளைத்தவனா?

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். அவளுக்கு நீச்சல்கூட ஒழுங்காக வராது. ஆனால் "பயமா இருக்கு" என்று பெற்ற மகளிடம் சொல்ல வாய் வருமா? அதனால் கோபமாகச் சொன்னேன். கோபம் எனக்குச் சரளமாக வரும்.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். மூன்றாவது நடைமேடை என்று நான் சொன்னால் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டில் தண்ணீர் என்று சொன்னால் ஒரு டம்ளர்கூட இடம் மாறாது. மனைவி பத்திரிகை ஆபீசில் வரி விளம்பரப் பிரிவில் இருக்கிறாள். ஜனங்கள் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவதை இரண்டே வரிக்குள் அடக்குவது அவள் வேலை. வீட்டை விட்டுப் போன மகனுக்கு ஓர் அப்பா பக்கம் முழுக்கத் திட்டி எழுதி, ஓரத்தில் 'அம்மா சாப்பிடுவதில்லை, வந்து சேர்' என்று முடித்திருந்தாராம். இவள் ஓரத்தை மட்டும் அச்சுக்கு அனுப்பினாள். பையன் வந்துவிட்டானாம். அந்தக் கத்தரி ஒருநாள் என் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் குரலைக் கேட்கும் பாக்கியம்கூட மகளுக்குக் கிடைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் சொல்ல வேண்டியதைச் சமையலறைக்குள் போய் மனைவியின் காதோடு ரகசியமாகச் சொல்வேன். சமையலறைக்கும் மகளின் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவாள். பதிலோடு திரும்புவாள்.

"என்ன சொன்னா?"

"அப்பா சாப்பிட்டாரான்னு."

"அப்படியா கேட்டா?"

"ஆமா."

எதிரி இறங்கி வருகிறாள் என்ற தெம்பில் இன்னொரு தட்டு சாப்பிடுவேன். தினமும் இதே கேள்வி வந்தது. என் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை மனைவி வந்து நின்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"கடைசியா ஒரு தடவை கேக்கிறா. போகட்டுமான்னு."

பேசாமலே இவள் துறைமுகத்துக்கு ரயில் ஏறிவிட்டால் என்ன செய்வேன்? உள்ளே இருந்து பயம்தான் புறப்பட்டது. வாய்க்கு வருவதற்குள் வழக்கம்போல் வேறு சட்டை மாட்டிக்கொண்டது.

"எக்கேடு கெட்டாவது போகட்டும்! இனிமே என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்னு சொல்லு!" என்றேன். ரகசியமாகத்தான்.

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கம் போனாள்.

சற்று நேரத்தில் மகள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகச் சொன்னீங்களாமே. ரொம்ப தேங்க்ஸ்ப்பா. இனிமே முழிக்க மாட்டேன். ஒரு வாரமா தூக்கமே இல்லப்பா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை விடவும் மனம் வரவில்லை. ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் என் மகள் ஒரு வாரமாகத் தூங்காமல் கிடந்திருக்கிறாள். நான் குறட்டை விட்டிருக்கிறேன்.

அவள் உள்ளே போனதும் மனைவியைப் பிடித்தேன்.

"அவகிட்ட என்ன சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான். 'போகட்டும். இனிமே முழிக்க வேண்டாம்.'"

"மீதியெல்லாம் எங்கே?"

"இடம் பத்தலை."

"இது மோசடி!"

"நான் ஒரு எழுத்து சேர்த்தேனா? எல்லாம் உங்க வார்த்தைதானே."

எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. "அப்போ 'அப்பா சாப்பிட்டாரா'ன்னு அவ கேட்டது?"

"'அப்பா சாப்பிட்டாரா இல்லையான்னு எனக்கென்ன'ன்னு சொன்னா. அதுவும் கொஞ்சம் நீளம்."

மறுநாள் அவள் போகும் ரயிலை நான்தான் அறிவித்தேன். என் அறிவிப்பு அறையின் கண்ணாடிக்குக் கீழே நடைமேடையில் அம்மாவும் மகளும் நின்றார்கள். பயமாக இருக்கிறது, பத்திரமாகத் திரும்பி வா என்று சொல்லத்தான் ஆசை. ஒலிபெருக்கியில் சொந்தக் கதை பேசக் கூடாது. அதனால் வண்டி எண்ணையும் நடைமேடையையும் வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாகச் சொன்னேன். மகள் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

"நீ வெட்டினதுதான் சரி. நான் சொன்னதை அவ முழுசா கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். "கேட்டிருந்தாவா? நீங்க சொன்னது, நான் சொன்னது, அவ ரெண்டையும்தான் கேட்டா. நான் கொண்டுபோனதை எடுத்துக்கிட்டா."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த வார்த்தைகளைக் காதால் கேட்டுவிட்டா வந்து என் கையைப் பிடித்தாள்?

"எப்படிக் கேட்டிருக்கும்? நான் ரகசியமாத்தானே சொன்னேன்!"

"ஆமாமா," என்றாள் மனைவி. "நீங்க ரகசியம் பேச ஆரம்பிச்சா, எதிர்வீட்டுல டிவியை நிறுத்திடறாங்க."