சின்ன கேன் முதலில்

பால் வண்டி கிளம்பிப் போய்விட்டது. பக்கிரியின் நாற்பது லிட்டர் கேன் மட்டும் சொசைட்டி வாசலில் நின்றது. பக்கத்தில் பக்கிரியும் நின்றார், கேனைப் போலவே வாயை இறுக மூடிக்கொண்டு.

"இந்த மாசத்துல இது மூணாவது தபா விஜயராஜு," என்றார் தலைவர் ஆதிமூலம். அவர் கத்தாமல் பேசினால்தான் பயம். "ஏழு மணிக்கு வண்டி வரும்னு ஊருக்கே தெரியும். அதுக்குள்ள பால வாங்கி முடிக்க முடியலன்னா இன்னா அர்த்தம்? இன்னொரு தபா ஒரு கேன் நின்னுதுன்னு வையி, நான் வேற ஆளப் பார்த்துக்கறன்."

விஜயராஜ் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு, "சரிங்க தலைவரே," என்றார்.

பாகூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் பால் சொசைட்டியில் பதினாறு வருடமாக அவர்தான் எல்லாம். பாலைக் கலக்கி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லேக்டோமீட்டர் விட்டு டிகிரி பார்த்து, அளந்து, அட்டையில் எழுத வேண்டும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெருமை வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்தில் இலவசமாகப் போடும் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புக்கு அவர் மாணவர்!

பி.எஸ்ஸி.யை இரண்டாம் வருடத்தோடு விட்டவர் அவர். மகள் சுகன்யா கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் தகப்பனார் படிப்பு என்று இருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவரைத் தூங்க விடவில்லை.

பாடம் எடுக்கும் பேராசிரியர் நல்ல மனிதர். ஆனால் இங்கிலீஷை ஓட ஓட விரட்டுவார். அதனால் விஜயராஜ் போனில் அவரைப் பாதி வேகத்தில்தான் ஓடவிடுவார். அந்த வேகத்தில் பேராசிரியர் காலையிலேயே கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்தவர் மாதிரி இருப்பார். பாடம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கும்.

மறுநாள், தையலம்மாளின் இரண்டு லிட்டர் பாலுக்கு டிகிரி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பேராசிரியர் அந்தப் பொன்னான விஷயத்தைச் சொன்னார். வரிசையில் நிற்பவர்களில் சின்ன வேலையோடு வந்தவரை முதலில் அனுப்பிவிட்டால், மொத்தக் காத்திருப்பும் குறையும். விஜயராஜ் அதை மூன்று தடவை பின்னால் ஓட்டிக் கேட்டார். தையலம்மாள் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

அன்றும் ஒரு கேன் நின்றிருக்கும். எதிர் டீக்கடை மெஹர் நிஷாதான் வண்டி டிரைவருக்கு இரண்டாவது டீயைக் கொடுத்துப் பிடித்துவைத்துக் காப்பாற்றினாள்.

புதன்கிழமை சொசைட்டி வாசலில் பலகை தொங்கியது: "சின்ன கேன் முதலில்." வழக்கமாக எல்லாரும் கேனை வரிசையாக வைத்துவிட்டுப் பூவரச மரத்தடியில் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள். இனி அது கிடையாது. யார் எத்தனை லிட்டர் என்று விஜயராஜ் தன் போனில் போட்டால், அடுத்தது யார் என்று புரோகிராம் சொல்லும்.

"நம்ம விஜயராஜே எழுதுன புரோகிராமா?" என்று தையலம்மாள் வாய் நிறையக் கேட்டாள்.

"நானே எழுதினதுதாம்மா," என்று விஜயராஜ் போனைச் சட்டையில் துடைத்து அவளுக்குக் காட்டினார்.

வியாழக்கிழமை தையலம்மாள் இரண்டு லிட்டரை நான்கு சொம்புகளில் கொண்டுவந்தாள். பவுனம்மாள் வீட்டிலிருந்து பாட்டில், கூஜா, டிபன் கேரியர் எல்லாம் வந்து இறங்கின. நாற்பது பேர் கொண்டுவந்த பாத்திரங்கள் நூற்றுப்பத்து. கடைசி ஆளான பக்கிரி கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நான் மட்டும் நாப்பது லிட்டர டம்ளர் டம்ளரா தூக்கிக்கினு வரணுமா?"

டிரைவருக்கு அன்று நான்கு டீ, இரண்டு வடை.

விஜயராஜ் அசரவில்லை. இதற்கும் பேராசிரியர் மருந்து வைத்திருந்தார். காத்திருக்கும் நேரம் கூடக்கூட அந்த ஆளுக்கு முன்னுரிமையும் கூட வேண்டும். புரோகிராமைத் திருத்தி, "கேனை வைத்த நேரத்திலிருந்து கணக்கு" என்று பலகையையும் மாற்றினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறக்க வந்தவருக்கு உள்ளே போக வழியில்லை. வாசல் முழுக்க முந்தின நாள் மத்தியானமே வைத்துவிட்டுப் போன காலி கேன்கள். நடுவில் பக்கிரியின் சிவலைப் பசு ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டு, நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே இது?"

"கேன் காத்திருந்தா கணக்கு, மாடு காத்திருந்தா கணக்கு இல்லியா? நேத்து ரெண்டு மணிக்கே கட்டிட்டேன். போட்டுக்கோ."

புரோகிராமில் மாட்டுக்கு இடமில்லை. விஜயராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து, லேக்டோமீட்டர் ஜாடியில் சாய்த்துவைத்திருந்த போனில் ஒரு பாதியில் பேராசிரியரையும் மறுபாதியில் புரோகிராமையும் ஓடவிட்டுக்கொண்டு, மாட்டைச் சேர்ப்பதற்கு வழி தேடினார். மணி ஆறேகால். ஒரு சொட்டுப் பால்கூட இன்னும் அளக்கவில்லை. வாசலில் நாற்பது பேர் ஆளுக்கொரு நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பசு ஜன்னலுக்கு முதுகைத் திருப்பி ஈயை ஓட்டியது. ஜன்னல் வழியாக உள்ளே வந்த வால் போனை அப்படியே தட்டிவிட்டது. டெஸ்ட் பார்த்த பாலை ஊற்றுகிற வாளியில் அது விழுந்தது. பால் இன்னும் அளக்காததால் ஜாடி கழுவிய தண்ணீர்தான் அதில் இருந்தது. பேராசிரியர் ஒரு வார்த்தையைப் பாதி சொல்லிக்கொண்டே மூழ்கினார்.

வாசலில் நின்றவர்கள் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள்.

"ஐயோ, படிப்பு பூட்டுதே," என்று தையலம்மாள் தலையில் கைவைத்தாள்.

விஜயராஜ் வாளியையே பார்த்தார். போனும் போச்சு, மூன்று மாதமும் போச்சு, இன்னும் முக்கால் மணி நேரத்தில் வேலையும் போகப்போகிறது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "பழையபடியே கேன வரிசையா வைங்கம்மா. ஆனவரைக்கும் ஆகட்டும்," என்றார்.

வைத்தார்கள். அவர் கலக்கினார், டிகிரி பார்த்தார், அளந்தார், எழுதினார். அட்டையை நீட்டிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த கேன். ஒரு கட்டத்தில் நிமிர்ந்தபோது எதிரே கேனே இல்லை. பக்கிரி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மணி ஆறு ஐம்பது.

ஏழு மணிக்கு வண்டியோடு வந்த ஆதிமூலம் வெறிச்சோடிக் கிடந்த வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "படிச்ச படிப்பு வீண் போகலடா விஜயராஜு!" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

விஜயராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. புரோகிராம் இல்லை, முன்னுரிமை இல்லை, நாற்பது பேர் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தார்கள். அப்படியென்றால் இந்தப் பழைய கேன் வரிசையில் பேராசிரியருக்கே தெரியாத ஏதோ நுட்பம் இருக்கிறது. அவர் நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

"மெஹர் நிஷா, நீ தினமும் இங்கேருந்து பார்க்கிற ஆளு. இன்னிக்கு வரிசையில யாருக்கு அப்பால யார் வெச்சாங்கன்னு கொஞ்சம் சொல்லும்மா. இதுல பெரிய ரகசியம் இருக்குது, கண்டுபிடிச்சு அந்தப் பேராசிரியருக்கே எழுதப்போறன்."

மெஹர் நிஷா டீயை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"ரகசியம் ஒண்ணும் இல்லண்ணே. மூணு மாசத்துல இன்னிக்குத்தான் நீங்க பாடம் பார்க்காம பால் அளந்தீங்க. படிக்கிற மனுசனக் கலைக்கக் கூடாதுன்னுதான் இவ்வளோ நாளா ஊரே கம்முனு நின்னுச்சு."