பத்தொன்பது பேருக்கு இருபது தாள்

வேணுகா மறுபடியும் எண்ணினாள். இருபது விடைத்தாள்கள். வகுப்பில் இருந்த தலைகளோ பத்தொன்பது.

லோசானில் இருந்து அன்று காலைதான் பேர்ண் நகரத்துப் பூம்ப்ளிஸ் பள்ளிக்கூடத்துக்குப் பதில் ஆசிரியையாக வந்திருந்தாள். முதல் வேலை. "பன்னிரண்டாம் அறை, வரலாற்றுச் சோதனை" என்று மட்டும்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: சீனாவின் சொங் பேரரசின் பலமும் பலவீனமும்.

அந்தக் காலத்துச் சீனத் தேர்வுகளில் பெயரை மறைத்துவிட்டுத்தான் திருத்துவார்கள். வேணுகாவுக்கு அந்த முறை பிடித்துப்போய், யாரும் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதுவே வினையாயிற்று.

பத்தொன்பது தாள்கள் அற்புதம். எல்லாம் ஒரே மாதிரி, தூரிகையால் இழுத்தது போன்ற எழுத்து. 'பலம்: ஏழை மகனும் தேர்வெழுதி மந்திரி ஆகலாம். பலவீனம்: அரசர் எதிரியைவிடத் தன் தளபதிகளுக்கே அதிகம் பயந்தார்.' ஒரு தாளில், 'வடக்கிலிருந்து குதிரைகள் வந்த அன்று எங்கள் நாய்கள் குரைக்கவில்லை' என்று இருந்தது.

வேணுகா அதை இரண்டு தரம் வாசித்தாள். என்ன கற்பனை!

இருபதாவது தாளில் எழுத்துப் பிழைகள், ஓரத்தில் ஒரு பூனைப் படம். 'படை சரியில்லை. பட்டுக் கொடுத்துச் சமாதானம் வாங்கினார்கள். மிச்சம் மறந்துபோச்சு.'

யாரோ விளையாடுகிறார்கள். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். கதவைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சோதனையைத் திரும்ப வைத்தாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பத்தொன்பது தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

மறுபடியும் இருபது தாள்கள். கடைசித் தாளில் ஒரே வரி: 'முதல் தாளை ஏன் கிழித்தீர்கள்?'

முன்வரிசையில் ஒரு மேசை மட்டும் காலியாகக் கிடந்தது. அங்கிருந்துதான் மெல்லிய விசும்பல் கேட்டது. எது இருந்தாலும் எழும்பாதபடி, தன் கனத்த பையையும் குளிர் அங்கியையும் தூக்கி அந்த மேசையின் கதிரையில் போட்டாள்.

"அம்மா!" என்று காற்று அலறியது.

வேணுகா பாய்ந்து கதவைத் திறந்தாள். ஏதோ ஒன்று அவளை உரசிக்கொண்டு படிக்கட்டில் தடதடவென்று இறங்கியது. திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது பேரும் அமைதியாக, நிமிர்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நல்ல பிள்ளைகள்!

கீழே ஓடினாள். வாசலில் பள்ளிக்கூடப் பராமரிப்பாளர் தம்பித்துரை சருகு கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை! பன்னிரண்டாம் அறையிலை பேய் இருக்குது!"

"என்ன பிள்ளை சொல்லுறியள்?"

"பத்தொன்பது பிள்ளையளுக்கு இருபது தாள் வருது அண்ணை! ரெண்டு தரம்!"

தம்பித்துரை கூட்டுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பேர்ணிலை இந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூட லீவு, பிள்ளை. சோதினையைத் தவறவிட்ட மதுஜா மட்டும்தான் வந்தவ. 'டீச்சர் என்னைப் பாக்கவேயில்லை, வெறுங் கதிரையளோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறா' எண்டு இப்பதான் அழுதுகொண்டு போறா."