மாவு மில் வீட்டு மருமகள்

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லி மூன்றாவது ரொட்டியையும் தட்டில் போட்டாள் மாமியார் மொகிந்தர் கௌர். வீட்டில் எல்லாருக்கும் அவள் பீஜி.

நவ்ரீத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்தாவது மாதம். லூதியானா டாக்டரம்மா முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்: "கோதுமையில இருக்கிற குளூட்டன் உங்க குடலுக்கு ஆகவே ஆகாது. ரொட்டி, மைதா, ரவை, பார்லி எதையும் தொடாதீங்க. அதனாலதான் உடம்புல ரத்தம் ஏறலை, குழந்தையும் எடை கம்மியா இருக்கு. சோறு, பருப்பு, மக்காச்சோளம், பால் எல்லாம் தாராளமா சாப்பிடுங்க."

பஞ்சாபின் கன்னா ஊரில் அறுவடை நாட்களில் கோதுமை மூட்டைகள் இடம் விட்டால்தான் பஸ்ஸே போக முடியும். அந்த ஊரிலும் நவ்ரீத் வாழ்க்கைப்பட்டது மாவு மில் வீட்டில். வீட்டாருக்குப் பாவுஜியான மாமனார் ஹர்சரண் சிங்கின் மில் வாசலில் 'எங்கள் மாவு, வம்சத்துக்கே வலு' என்று ஆளுயர எழுத்தில் போர்டு இருந்தது.

"இப்ப வாயைத் திறக்காதே" என்றான் கணவன் தேக்பீர். "மில்காரர் மருமகளுக்கே கோதுமை ஆகலேன்னு தெரிஞ்சா பாவுஜி மூட்டையை எவன் வாங்குவான்? நான் பக்குவமா சொல்றேன்."

"எப்போ?"

"நேரம் பார்த்து."

நேரம் பார்ப்பதிலேயே ஒரு வாரம் போனது. நவ்ரீத் தானே துணிந்து, "பீஜி, எனக்கு ரொட்டி வாசனையே குமட்டுது. கொஞ்சம் சோறு போடறீங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"சோறா? அது காய்ச்சக்காரங்க தின்னறது. வயித்துப் பிள்ளைக்கு எலும்பு எதுல இருந்து வரும்? குமட்டினா ஒடம்புல சத்தில்லேன்னு அர்த்தம்" என்ற பீஜி அன்று மதியமே கோதுமை மாவை நெய்யில் வறுத்து, பாதாமும் சர்க்கரையும் கொட்டி, ஒரு வாளி பஞ்சீரி கிளறிவிட்டாள். காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம். எதிரிலேயே உட்கார்ந்து மேற்பார்வை.

நவ்ரீத் வேறு வழி தேடினாள்.

"பீஜி, நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்க் காத்தாட உக்காந்து சாப்பிடறேன்."

"சாணி நாத்தத்துலயா?"

"அந்த வாசனைலதான் குமட்டல் அடங்குது."

மசக்கைக்காரியின் ஆசையை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவில் இருந்தது கொட்டகை. அங்கே ஷம்மோ என்ற எருமை இரண்டே வாயில் மூன்று ரொட்டியை முடித்தது. பஞ்சீரிக் கிண்ணத்தை நக்கியே கழுவித் தந்தது.

காலித் தட்டைப் பார்த்து பீஜி நெகிழ்ந்துபோனாள். மறுநாளிலிருந்து தினமும் எட்டு ரொட்டி.

வயிறு என்னவோ பசித்தது. தேக்பீர் ஸ்கூட்டர் டிக்கியில் ராஜ்மாவும் சோறும் கடத்தி வந்தான். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியைக்கூடப் போடாமல் நவ்ரீத் சாப்பிட்டாள். வாசனை கீழே போய்விடக் கூடாதே. ஒரு நாள் அவன் மக்காச்சோள மாவு வாங்கி வந்தபோது பீஜி படியிலேயே பிடித்துவிட்டாள். பையில் வேறு மில்லின் பெயர்.

"நம்ம வீட்டுக்குள்ளே அடுத்தவன் மாவா? அதுவும் குளிர்காலத்துல தின்னற மக்காச்சோளம் ஜூன் மாசத்துலயா?"

"மீன் பிடிக்க, பீஜி. தூண்டில்ல உருண்டை பிடிச்சு மாட்டணும்."

"நீ எப்போடா மீன் பிடிச்சே?"

"இனிமேதான்."

சொன்ன வார்த்தைக்காக ஞாயிறுதோறும் தேக்பீர் கால்வாய்க் கரையில் வெயிலில் உட்கார்ந்தான். ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. "அதுக்குக்கூட அந்த மாவு பிடிக்கலே பாரு" என்றாள் பீஜி.

அடுத்த மாதப் பரிசோதனையில் குழந்தையின் எடை சரியாக இருந்தது. நவ்ரீத்துக்கு ரத்தமும் ஏறியிருந்தது. டாக்டரம்மா சிரித்தாள். வீட்டுக்கு வந்து சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

"நான் சொல்லலே? எல்லாம் என் பஞ்சீரி!" பீஜி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். நாலு வீட்டு மருமகள்களுக்கு மில்லிலிருந்து தனி மூட்டை போயிற்று. நவ்ரீத்துக்குக் கிண்ணம் போய்ச் சொம்பு வந்தது.

"போர்டுல இவ போட்டோவைப் போடுங்களேன்" என்று கணவரிடம் யோசனை சொன்னாள் பீஜி.

"பார்க்கலாம்" என்றார் ஹர்சரண் சிங். சாப்பாட்டு கேரியரை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். அவர் அதிகம் பேசமாட்டார்.

அன்றிரவு நவ்ரீத் அழுதாள். "என் பிள்ளை நல்லா இருக்கான்னு நான் சந்தோஷப்படறதா, பயப்படறதா? பிரசவம் ஆனதும் வாயிலேயே ஊட்டுவாங்க. அப்போ எந்த எருமை வரும்?"

"நேரம் பார்த்து..." என்று ஆரம்பித்த தேக்பீர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை ஷம்மோ எழுந்திருக்கவில்லை. வயிறு ஒரு பக்கம் பானையாக உப்பியிருந்தது. சொட்டுப் பால் இல்லை. பீஜி தலையில் கை வைத்தாள். "பேரப்பிள்ளைக்கு நெய் எடுத்து வைக்கலாம்னு இருந்தேனே!"

கால்நடை டாக்டர் குழாய் விட்டார், எண்ணெய் புகட்டினார். ஒரு மணி நேரம் கழித்து எருமை ஏப்பம் விட்டது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"பிழைச்சுக்கும். இதுக்கு யாரு ரொட்டி போடறது?"

"மனுஷங்க தின்னற மாவை எருமைக்கு யாரு போடுவா?" என்றாள் பீஜி.

"ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாம தின்னிருக்கு. உள்ளே எல்லாம் புளிச்சுக் கிடக்கு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா செத்திருக்கும்."

நவ்ரீத் ஷம்மோவைப் பார்த்தாள். அது இவளை நம்பிக்கையோடு பார்த்துத் தலையை நீட்டியது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"நான்தான் பீஜி போட்டேன்." "ரொட்டி, பஞ்சீரி எல்லாம். எனக்குக் கோதுமை ஆகாது. டாக்டர் கூடாதுன்னுட்டாங்க. சோறு தின்னுதான் குழந்தை எடை ஏறிச்சு. என்னை என்ன வேணா திட்டுங்க. ஆனா நான் போட்டது எட்டுதான். சத்தியமா எட்டுதான்."

"மீனுக்கு வாங்கின மாவும் இவளுக்குத்தான்" என்றான் தேக்பீர், சுவரைப் பார்த்தபடி.

பீஜி மில் பக்கமிருந்து வந்த கணவரை நோக்கித் திரும்பினாள்.

"கேட்டீங்களா? மாவு மில் வீட்டு மருமகளுக்குக் கோதுமை ஆகாதாம்! எட்டுதான் போட்டாளாம். அப்போ மீதி பன்னெண்டு வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

ஹர்சரண் சிங் கையிலிருந்த கேரியரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மீதி என்னோடது. எனக்கும் முப்பது வருஷமா அது ஆகாது, மொகிந்தர்... இது நாலாவது எருமை."