முதல் பருவம் இல்லாத பட்டப்படிப்பு

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கேயும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் ஒளிக்காமல் எழுது. மாப்பிள்ளையின் முதுகுவலியை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதம் கிடைத்தது. சின்னவள் சமையலறைச் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததாம். “இதுக்கு மேல இவளை வச்சு மேய்க்க முடியாதுண்ணா, உன் காலேஜ்ல புதுசா வர்ற அறிவியல் படிப்புல சேர்த்துடுறேன், நீ பார்த்துக்கோ” என்று எழுதியிருக்கிறாய். தாயே, உனக்குப் புண்ணியமாகப் போகும், சேர்த்துவிடாதே. அந்தப் பாடத்திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைவன் நான்தான். அதனால்தான் சொல்கிறேன்.

என்னைத் தலைவனாக்கினார்கள் என்றதும் என் அறிவைக் கண்டு மலைத்துவிட்டார்கள் என்று நினைக்காதே. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என்ற நான்கு துறைத் தலைவர்களுக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஓரமாக உட்கார்ந்து செடிகொடி சொல்லித் தரும் என்னை மட்டும் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அந்த ஒரு தகுதி போதுமென்று முதல்வர் முடிவு செய்துவிட்டார். முதல் கூட்டத்தில் நானும் வாய் சும்மா இருக்காமல் ஒரு ஆசையைச் சொன்னேன். “புதுசா வர்ற பிள்ளைங்க ஒரு எறும்புப் புத்தோ, துருப்பிடிக்கிற ஆணியோ, ஏதாவது ஒண்ணைப் பருவம் முழுக்க உத்துப் பார்க்கட்டுமே. பார்த்ததை எழுதட்டும். அதையே ஒரு பாடமா வச்சா என்ன?” இயற்பியல்காரருக்கு மேசையைத் தட்டாமல் பேச வராது, அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இடிமுழக்கம். “வேடிக்கை பார்க்க எதுக்குய்யா காலேஜ்? பஸ் ஸ்டாண்டு போதாதா?” என்று ஒரு தட்டு தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவரின் மனம் நோகக்கூடாது என்று ‘உற்றுநோக்கல்’ என்ற பெயரில் வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தை எனக்கு ஒதுக்கினார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் மனசு வலித்தது தங்கச்சி.

அதற்குப் பிறகுதான் முன்நிபந்தனை என்ற பேய் பிடித்தது. அதாவது, இந்தப் பாடத்தில் சேர முதலில் அந்தப் பாடத்தில் தேறியிருக்க வேண்டும் என்கிற விதி. இடிமுழக்கம்தான் ஆரம்பித்தார்: “கணக்கு தெரியாதவன் என் வகுப்பு வாசலை மிதிக்கக்கூடாது.” உடனே வேதியியல் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்ப என் வகுப்பு என்ன சத்திரமா, கண்டவனும் வந்து படுக்க? இயற்பியல் படிச்சுட்டு வரட்டும்” என்றார். உயிரியல்காரர் தன் பங்குக்கு வேதியியலைக் கேட்டார். கணக்குக்காரர் மட்டும் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு நிபந்தனை எதற்கு என்று நான் அடுத்த விஷயத்துக்குப் போகப் போனேன். “எல்லாரும் ஏறிப் போறதுக்கு நான் என்ன ஏணியா? உசுருங்க எப்படிப் பெருகுதுன்னு உயிரியல் படிச்சுட்டு வரட்டும், அப்புறம் எண்ணச் சொல்லித் தர்றேன்” என்றாரே பார்க்கலாம்! இடிமுழக்கம் ஆவேசமாக ஒரு தட்டு தட்டினார். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. பழைய பாடத்திட்டத்தை மடித்து முட்டுக் கொடுத்திருந்தோம். அது நழுவ, மேசை சாய, டீ முழுக்கப் புதிய பாடத்திட்டத்தின் மேல் ஓடியது. அவரவர் துறைப் பக்கத்தை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருத்தி எழுதி வந்தார்கள். அடுத்தவர் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. படிப்பதே கௌரவக் குறைச்சல் அல்லவா? எல்லாப் பக்கத்தையும் படித்தவன் நான் ஒருத்தன்தான். நானும் ஒற்றுப்பிழை மட்டும்தான் பார்த்தேன்.

நேற்று திறப்பு விழா. விருந்தாளிகளுக்கு முன்னால் முதல்வர் தன்னையே முதல் மாணவராகக் கணினியில் பதிவு செய்து காட்டினார். இயற்பியலைத் தொட்டார்: கணிதம் படித்திருக்க வேண்டும் என்றது. கணிதத்தைத் தொட்டால் உயிரியல், உயிரியலைத் தொட்டால் வேதியியல், வேதியியலைத் தொட்டால் மறுபடி இயற்பியல். மூன்று பட்டம் வாங்கிய மனுஷனை எதற்குமே தகுதியில்லை என்று பெரிய திரையில் காட்டிவிட்டது. கைதட்டுவதற்குக் கையைத் தூக்கிய விருந்தாளிகள் அந்தக் கையால் தலையைச் சொறிந்தார்கள். யாராவது ஒருத்தர் நிபந்தனையை எடுங்கள் என்று நான் ஒவ்வொருத்தராகக் கெஞ்சினேன். “முதல்ல அவரை எடுக்கச் சொல்லுங்க” என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்தக் குழு ஒற்றுமையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

ஆகவே, இங்கே வந்தால் உன் மகள் எதையும் ஆரம்பிக்காமலேயே கிழவியாகிவிடுவாள். வேறு எங்கே வேண்டுமானாலும் சேர். நாளைக்கு அவள் என்னைப் பார்த்து, “மாமா, இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று கேட்டால் எனக்குத் தாங்காது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. சின்னவள் நல்ல கல்லூரியாகப் பார்த்துச் சேர்ந்து நன்றாக வர என் ஆசிகள். பாத்திரம் அடியில் பிடித்திருந்தால் தேய்க்காதே, ஊறவிடு என்று உன் அண்ணி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது முதல்வர் கூப்பிட்டனுப்பினார். விடிய விடியத் தேடியதில் கணினி ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் சம்மதித்ததாம். நிபந்தனை வைக்கக்கூட யாரும் மதிக்காமல் விட்ட பாடம். உற்றுநோக்கல்! “பஞ்சாயத்து முடியற வரைக்கும், முதல் பருவம் முழுக்க, எல்லா மணி நேரமும் நீங்கதான்” என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வருகிறது, பயமாகவும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்துக்கே என்னிடம் முழுசாகச் சரக்கு இல்லை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டுச் சின்னவளை உடனே அனுப்பி வை. பால் பொங்கியதற்கு அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. அந்தப் பல்லியைப் பற்றிப் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி எடுத்து வரச் சொல். முதல் வாரம் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.