தம்பிக்குக் கதவு எண் இல்லை

உப்புவெளியின் கிழக்குக் கரை,
அக்டோபர் 26

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் குமெர்சிந்தோ டிக்கோனா அவர்களுக்கு,

தங்கள் தங்கையை மணந்து இருபத்தெட்டு ஆண்டுகளாக அதன் பலனை அனுபவித்துவரும் பொலிகார்ப்பியோ ஊராச்சி எழுதிக்கொண்டது. இங்கு நானும் பசிலியாவும் கம்பளிக்கு வளர்க்கும் பதினேழு லாமாக்களும் என் ஜீப்பும் இன்றைய தேதிவரை உயிரோடு இருக்கிறோம். அங்கே இக்கிக்கேயில் தாங்களும் தங்கள் கடையும், ஜன்னலைத் திறந்தால் தெரியும் என்று எப்போதும் பெருமை பேசுவீர்களே அந்தக் கடலும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பீர்கள். காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

லாரிக்காரர் சபினோ கொண்டுவரும் பொட்டலத்தில் தாங்கள் அனுப்பிய ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அது கெட்டுப்போன கருவி. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தோரு வருடம் உப்பின்மேல் வண்டி ஓட்டியவனும் ஓட்டுநர் சங்கத் தலைவனுமாகிய நான் இதை ஆத்திரத்தில் சொல்லவில்லை, ஆராய்ந்து சொல்கிறேன். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

என் தம்பி இலாரியோன் போன கதை தங்களுக்குத் தெரியும். மூன்று பிப்ரவரிக்கு முன்னால், மேற்குக் கரையிலிருந்து கீன்வா தானிய மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தவன், மழைத் தண்ணீர் கணுக்கால் உயரம் நின்ற உப்பில், எது வானம் எது தரை என்று தெரியாத மூடுபனியில் காணாமல் போனான். இரண்டாம் நாள் அவன் வண்டி மட்டும் கிடைத்தது, இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் மேற்கே, இயந்திரத்துக்குள் உப்புநீர் ஏறி. ஆள் இல்லை. ஊரிலிருந்த பதினோரு வண்டிகளையும் நானே முன்னின்று மேற்கே நடத்திப் போனேன். வண்டிக்கு அந்தப் பக்கம்தான் போயிருப்பான், என் தம்பி புத்தி எனக்குத் தெரியாதா என்று சொல்லி ஒரு வண்டியைக்கூட இந்தப் பக்கம் விடவில்லை. ஒன்பதாம் நாள் மீட்புப் படைக்காரர்கள் இருவர் அவன் உடலைக் கண்டெடுத்து நேரே நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். நான் மேற்கிலிருந்து திரும்பி வந்து சேர்ந்தபோது அவன் வெள்ளைத் துணிக்குள் இருந்தான், அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். எந்த இடம் என்று தம்பி மனைவி ஃபெர்மினா கேட்டாள். சங்கத் தலைவனிடம் கேட்டால் தெரியாது என்றா சொல்வான்? வண்டி நின்ற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கையை நீட்டிக் காட்டினேன்.

காட்டியதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நவம்பரில் இறந்தவர்களுக்குப் படையல் போடும் நாள் வந்ததும், எல்லோரும் போல வீட்டில் மேசை போடலாம் என்று பசிலியா சொல்ல, ஃபெர்மினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“உயிரோட இருந்தப்பவே வீட்டுக்கு வழி தெரியாமப் போனவன். செத்த பிறகு மட்டும் கண்டுபிடிச்சு வந்துருவானாக்கும்? நாமதான் அவன்கிட்ட போகணும், அத்தான்.”

இரண்டு நவம்பர், மேசை, நாற்காலி, இறந்தவர் முகம் வைத்துச் சுட்ட ரொட்டி, லாமாக் கறி, சோளக் கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போய், நான் கை காட்டிய இடத்தில் படைத்தோம். அங்கிருந்து ஊர்ப் பக்கமாக வரிசையாக மெழுகுவர்த்தி நட்டுவைத்தாள், அவனுக்கு வழி தெரியட்டும் என்று. காற்று அணைக்க, அவள் ஏற்ற, காற்று அணைக்க. ஒரு மனுஷி காற்றோடு அரை நாள் சண்டை போடுவதை நான் ஜீப்பில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். இது மூன்றாம் வருடம். மூன்றாம் படையலோடு ஆன்மாவை வழியனுப்பிவிட வேண்டும், அதன்பிறகு அவன் வரமாட்டான் என்பது தங்களுக்கும் தெரியும்.

போன மாதம் விதவைப் பணத்துக்காக அலுவலகம் போன ஃபெர்மினா, மரணச் சான்றிதழின் பின்பக்கம் யாரோ பேனாவால் எழுதியிருந்த இரண்டு வரி எண்களைப் பார்த்திருக்கிறாள். குமாஸ்தா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “இது ஆளை எடுத்த இடம்மா. ஜிபிஎஸ்ல இந்த நம்பரைப் போட்டா நேரா கூட்டிட்டுப் போகும்” என்று சொல்லிவிட்டான். அவள் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

“நீங்க காட்டின இடந்தானான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லிருங்க, அத்தான். சந்தேகமில்ல. கடைசிப் படையல் பாருங்க, அதான்.”

இளவட்ட ஓட்டுநர்கள் எல்லோர் கைபேசியிலும் இந்த வசதி இருக்கிறது என்று தாங்கள் சொல்லக்கூடும். இருக்கிறது. ஆனால் தலைவர் தம்பி செத்த இடம் தலைவருக்கே தெரியாது என்று அந்தப் பயல்களுக்குத் தெரிவதைவிட நான் பதவியை விட்டுவிடலாம். ஆகவே மலிவாக ஒரு கருவி வாங்குவது என்று முடிவு செய்தேன். என் போதாத காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

வியாழச் சந்தையில் தார்ப்பாய்க்கு அடியில் நகவெட்டி, பேட்டரி, டார்ச் எல்லாம் பரப்பி வைத்திருக்கும் யூலோகியாவிடம் போனேன். இருப்பதிலேயே விலை குறைந்தது கார்களுக்கானது. உள்ளே ஒரு பெண்மணி பேசுகிறாள். யூலோகியா அதைத் தட்டிவிட்டு, “எங்க போகணும், அண்ணே?” என்றாள்.

“தம்பிகிட்ட.”

“தம்பி எந்த ஊரு?”

“ஊர் இல்ல. உப்பு.”

“தெருப் பேரு?”

“தெரு இல்லம்மா.”

“கதவு எண்ணாவது சொல்லுங்களேன். ஏதாவது ஒண்ணு குடுத்தாத்தானே இவ பேசுவா?”

கதவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எண்ணெல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வாங்கிவந்துவிட்டேன். அந்தக் கருவி எண்ணை ஏற்கவே ஏற்காது என்பது உப்பில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தெரு இல்லாத இடத்துக்கு வந்ததில் அந்தப் பெண்மணிக்குப் பெருங்கோபம். “நீங்கள் சாலையை விட்டு விலகிவிட்டீர்கள். இயன்றபோது திரும்பவும்.” மூன்று மணி நேரம் இதே பேச்சு. இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் தங்கள் தங்கைகூட ஒரே வாக்கியத்தை இத்தனை முறை சொன்னதில்லை. அடுத்த வியாழன் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, மலையேற வந்த வெள்ளைக்காரன் யாரோ விட்டுப்போன கைக்கருவி. திரை என் கட்டைவிரல் நகம் அளவு. ஆனால் எண்ணை ஏற்கும். யூலோகியா போட்டே காட்டினாள். சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று பூமித்தாய்க்குப் படைக்கும் வெள்ளிக்கிழமை அல்ல; பசிலியா விடவில்லை, வெள்ளிவரை துணியில் சுற்றி வைத்திருந்தாள். வண்டியானாலும் மண்வெட்டியானாலும் புதிதாக வாங்கியதைப் பூமித்தாய்க்கு ஊற்றி நனைக்காமல் தொடுகிறவன் விளங்குவானா? வெள்ளிக்கிழமை காகிதப்பூ தூவி, கோகா இலை வைத்து, அதன் தலையில் பீர் ஊற்றினாள். மண்வெட்டிக்கு ஊற்றுகிற அளவே ஊற்றினாள். கருவி ஒருமுறை கீச்சென்றது. அதன்பிறகு இதுவரை பேசவில்லை.

“தண்ணி படக்கூடாதுன்னு பின்னாடி எழுதியிருக்கே, பாக்கலையா அண்ணே?” என்றாள் யூலோகியா.

“தண்ணி எங்கம்மா ஊத்தினோம்? பீரு.”

அவள் சிரித்ததில் பக்கத்துத் தார்ப்பாய்க்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். படையலுக்கு இருபது நாள் கூட இல்லை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் தங்களுக்கு ஆள் அனுப்பினேன். தாங்களும் பெரிய மனது பண்ணி, காட்டுப் பாதைக்கென்றே செய்தது, மூலையில் விரிசல், அதனால் பாதி விலை, வண்டியின் சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி மூன்றாவதை அனுப்பினீர்கள். அதற்குப் பீர் ஊற்றவில்லை. பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றி, கருவிக்குத் தூரத்திலிருந்து காட்டினோம். சான்றிதழைப் பார்த்து எண்களைப் போட்டேன். அவசரத்தில் தெற்கு என்பதை வடக்கு என்று போட்டுவிட்டேன் போலிருக்கிறது. தம்பி நடுக்கடலில் இருப்பதாகக் காட்டியது. போரில் பறிகொடுத்துவிட்டு நூற்று நாற்பது வருடமாக நம் நாடே கேட்டுக் கிடைக்காத கடல் என் தம்பிக்குக் கிடைத்துவிட்டதே என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு திருத்திப் போட்டேன்.

கருவி கிழக்கே காட்டியது. நான் மேற்கே பார்த்து நிறுத்தியிருந்த வண்டியைத் திருப்பினேன். உப்பில் ஏறி, வேகம்கூட எடுக்கவில்லை, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. இறங்கிப் பார்த்தேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை தெரிந்தது. அரை மணி நடை. இடைவேளை மணி அடித்தது கேட்டது, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தது கேட்டது.

மைத்துனரே, தாங்களே நியாயம் சொல்லுங்கள். ஓட்டுநர் எந்த நிலையிலும் வண்டியை விட்டு இறங்கி நடக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். என் தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்படியே நடந்தான் என்று வைத்துக்கொண்டாலும், பாதம் உரிகிற உப்புநீரில், தன் கை தனக்குத் தெரியாத பனியில், திசை காட்டும் எரிமலையும் தெரியாமல் நட்சத்திரமும் தெரியாமல், ஒருவன் நாற்பது கிலோமீட்டர் நூல் பிடித்ததுபோல் தன் சொந்த ஊரை நோக்கி நடந்து வந்தான் என்றால் யார் நம்புவது? நானே முடியாமல் திணறுவேன். அப்படி வந்திருந்தால் கடைசி அரை மணி தூரத்தில் ஊரிலிருந்து ஒரு வண்டியாவது அவனை எதிர்கொண்டிருக்க வேண்டுமே. ஊரில் ஒரு வண்டியும் இல்லை என்பது வேறு விஷயம். ஆகவே கருவி கெட்டது. இதில் பேச ஒன்றும் இல்லை.

நான் எழுதுவதைத் தோளுக்குமேல் எட்டிப் படித்துவிட்டு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று சொல்லிவிட்டுப் போகிறாள் தங்கள் தங்கை. அவள் வளர்ப்பைப்பற்றித் தங்கள் குடும்பத்தாரிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

எனவே இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு, மேற்கே இருப்பதை மேற்கே என்று காட்டக்கூடிய நல்ல கருவி ஒன்றை, விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, முப்பதாம் தேதிக்குள் சபினோ கையில் கொடுத்தனுப்பவும். கூடவே காற்றுக்கு அணையாத கண்ணாடிக் குவளை மெழுகுவர்த்தி இரண்டு டஜன், ஃபெர்மினாவுக்கு. அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. பூமித்தாயும் மரியன்னையும் யார் முந்துவது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளாமல் தங்கள் கடையைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வார்த்தைக்கு என்றும் கட்டுப்பட்ட,
பொலிகார்ப்பியோ ஊராச்சி

பின்குறிப்பு: பொட்டலத்தில் கருவி இருக்காது. தேட வேண்டாம்.

மேலே ஒன்றை எழுதாமல் விட்டேன். உப்பிலிருந்து திரும்பியதும் அந்தக் கருவியைச் சோதித்தேன். என் வாசலைக் குறித்துவிட்டு வெகுதூரம் போய்த் திரும்பினேன். வாசலுக்கே கொண்டுவந்து விட்டது. கோயில், சங்கக் கட்டடம், தம்பியின் வண்டி நின்ற இடம், நான்கு முறையும் ஓரடி பிசகவில்லை. அது சரியான கருவி, மைத்துனரே. அவன் வழி தவறவே இல்லை. பாதையே தெரியாத பனியில் வீடுவரைக்கும் வந்துவிட்டான். நான்தான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊரையே கூட்டிக்கொண்டு, எதிர்த்திசையில் தேடினேன்.

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஃபெர்மினா வந்தாள். “பாத்தீங்களா அத்தான்?” என்றாள். கருவி கெட்டுப்போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது. ஒன்றுவிடாமல் சொன்னேன். பதினோரு வண்டிக் கதையையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் மேசைமேல் இருந்த கருவியை எடுத்து, விரிசலைத் தேய்த்துப் பார்த்தாள்.

“அப்போ ரெண்டு வருஷமா ஸ்கூல் மணியைக் கேட்டுக்கிட்டே பட்டினி கெடந்திருக்கான்” என்றாள். “நாம சோத்தைத் தூக்கிக்கிட்டு நாப்பது கிலோமீட்டர் அந்தாண்ட போயிருக்கோம்.” அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மூணு வருஷப் பசி. ரொட்டி மூணு பங்கா சுடணும், அத்தான். இங்க அவ்வளவு மாவு இல்ல” என்றாள்.

ஆகவே இந்தக் கருவியே போதும், வேறு வேண்டாம். இரண்டு மூட்டை கோதுமை மாவு மட்டும் முப்பதாம் தேதிக்குள் வந்து சேரும்படி அனுப்பவும். மெழுகுவர்த்தியும் வேண்டாம். அவனுக்கு யாரும் வழி காட்டத் தேவையில்லை என்று ஃபெர்மினா சொல்லிவிட்டாள்.