மெத்தை விற்காத திலாம் அங்கிள்

மெத்தைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, மெத்தை வாங்க வந்தவர்களையெல்லாம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பி, அதற்குச் சம்பளமும் வாங்கிய மனிதர் கோலாலம்பூரிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் திலாம் அங்கிள். திலாம் என்றால் மலாயில் மெத்தை. அவருடைய சொந்தப் பெயர், மாதாமாதம் சம்பளம் போட்ட எனக்கே மறந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் கட்டில் மெத்தை விற்கும் கடை அது. நான் அங்கே கணக்குப் பிள்ளை, அவர் சேல்ஸ்மேன். ஒடிசலான உடம்பு, காதுவரை இறங்கிய கிருதா, கல்யாணம் கட்டாத ஆள். வருகிறவர்களிடம் மற்ற சேல்ஸ்மேன்கள் விலை சொல்வார்கள். இவர் நாடி பிடிப்பார்.

"பெட்ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்? வெயில் மூஞ்சில அடிக்குமா? ஏர்கோன் காத்து நேரா தலைக்கு வருதா? கட்டிலுக்கு அடியில என்ன வச்சிருக்கீங்க?"

கடைசிக் கேள்விக்கு எல்லோரும் திருதிருவென்று விழிப்பார்கள். ஓடாத காற்றாடி, பூட்டுப் போன சூட்கேஸ், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் அண்டா என்று ஒவ்வொன்றாக உண்மை வெளிவரும். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். "அண்டாவுக்கு மேல படுத்தா எப்படிங்க தூக்கம் வரும்? மொதல்ல அத எடுங்க. அப்புறமும் வரலன்னா கடைக்கு வாங்க." வியாபாரம் அதோடு முடிந்தது.

ஒரு நாள் அங்கிள் சாப்பிடப் போயிருந்த சமயம் பார்த்து, முதலாளி தன் கையாலேயே ஒரு பெரிய மெத்தையை விற்றுவிட்டார். வாங்கியவர் இடுப்பு வலி என்று பூச்சோங்கிலிருந்து வந்த ஓர் அக்கா. முதலாளி அங்கிளையும் மெத்தையையும் லோரியில் ஏற்றி, "போட்டுட்டு வந்துருங்க, வாயத் திறக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். மாலையில் லோரி திரும்பி வந்தது. பின்னால் மெத்தையும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அங்கிளும் இருந்தார்.

"என்னய்யா, போன திலாம் திரும்பி வருது?" என்று முதலாளி கத்தினார்.

"பாஸ், அந்த வீட்டுல பெட்ரூமே இல்ல. துணிக்கடைதான் இருக்கு. கட்டில் மேல அவ்வளவும் மடிக்காத துணி. அவுங்க ஓரத்துல ஒண்டிக்கிட்டுப் படுக்குறாங்க. இடுப்பு வலிக்காம என்ன செய்யும்? எல்லாத்தையும் மடிக்க வச்சிட்டேன். அடியில இருக்குற மெத்தை நேத்து வாங்கின மாதிரி இருக்கு லா."

"நீ மடிக்க வச்சியா?"

"நானும் கூட மடிச்சேன் பாஸ். சேலை அவுங்க, கைலி நானு."

முதலாளி நெற்றியில் கையை வைத்தபடி பக்கத்திலிருந்த மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அங்கிள் பதறிப்போய், "அது உங்க இடுப்புக்கு ஒத்து வராது பாஸ், இந்தப் பக்கம் உக்காருங்க" என்றார்.

அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்க வேண்டும். ஆனால் பூச்சோங் அக்கா சும்மா இருக்கவில்லை. தன் அக்கா தங்கச்சி, சம்பந்தி வீடு, கோயில் பழக்கம் என்று எல்லோரையும் அனுப்பிவைத்தார். "துணி மடிச்ச அங்கிள் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே ஜனங்கள் கடைக்குள் வந்தார்கள். அவர்களில் நிஜமாகவே மெத்தை கிழிந்துபோனவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனார்.

இந்த மனிதரை என் வீட்டுக்குள் விடக்கூடாது என்று நான் மிகக் கவனமாக இருந்தேன். ஆனால் விடும்படி ஆகிவிட்டது.

என் மனைவி புவனா ஆஸ்பத்திரியில் தாதி. அப்போது அவளுக்குப் பெரும்பாலும் இரவு வேலை. ஊர் எழுந்திருக்கும்போது அவள் படுக்க வேண்டும். எங்கள் பிளாட்டில் பகலில் தூங்குவதும் பாசார் சந்தையின் நடுவே பாய் விரிப்பதும் ஒன்றுதான். ஒரு நாள் காலை, இரவு வேலை முடிந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தவள், சிக்னலில் நிற்கும்போதே கண்ணயர்ந்துவிட்டாள். கார் மெல்ல உருண்டு போய் முன்னால் நின்ற வண்டியை முட்டியது. பெரிய சேதமில்லை. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் பயத்தில் அன்று போட்ட கணக்கெல்லாம் தப்பாக வந்தது. அந்தப் பயத்தில் சாப்பாட்டு வேளையில் அங்கிளிடம் வாயை விட்டுவிட்டேன்.

மறுநாளே கறுப்புத் துணி, ரப்பர் பட்டை, டிரில் சகிதம் வாசலில் வந்து நின்றார். புவனா அப்போதுதான் படுத்திருந்தாள்.

"அங்கிள், நான் தூங்கணும்னுதானே வந்திருக்கீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப டிரில்ல கீழ வைங்க."

டிரில்லைக் கீழே வைத்தார். ஆனால் ஆளைக் கிளப்ப முடியவில்லை. புவனாவை ஹாலில் உட்காரவைத்துவிட்டு, எங்கள் கட்டிலில் நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டார். அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னார். "மேல் வீட்டுல நாற்காலிய இழுக்குறாங்க! உங்க குழாய் சொட்டுது! ரொட்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்! யாரோ செருப்பத் தேய்ச்சுக்கிட்டு நடக்குறாங்க!"

செருப்பைத் தேய்த்தது நான்தான்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அவர் ஆட்சி நடந்தது. கறுப்புத் துணி ஜன்னலை மறைத்தது. கதவின் அடி இடுக்கை ரப்பர் பட்டை அடைத்தது. காலிங் பெல்லைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். மேல்வீட்டுச் சீன ஆன்டியிடம் போய், தனக்குத் தெரிந்த மலாயில் அரை மணி நேரம் தூக்கத்தின் அருமையை விளக்கி, அந்த வீட்டு நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி கட்டிவிட்டு வந்தார். ரொட்டிக்காரரை மோட்டார் சைக்கிளோடு மறித்து, எங்கள் பிளாக்கைத் தாண்டும்வரை ஹாரன் அடிப்பதில்லை என்று வாக்கு வாங்கினார். புவனா எழுந்திருக்கும்வரை குக்கர் விசிலுக்குத் தடை. தாளிக்கவும் தடை. "கடுகு வெடிக்கிற சத்தத்த விடு தம்பி, அந்த வாசனைக்கே பிணமும் எழுந்துரும்."

"அப்ப நான் எதைச் சாப்பிடறது அங்கிள்?"

"நீ என்ன ராத்திரி வேலையா பாக்குற? ரொட்டி தின்னு."

கோயில் மணி ஒன்றுதான் மிச்சம். அதை நோக்கி இடுப்பில் கை வைத்து வெகுநேரம் நின்றவர், "அங்க மட்டும் நான் போய்ப் பேச முடியாது" என்று பெருமூச்சு விட்டார்.

நம்பவே முடியவில்லை, அந்த வாரத்திலேயே புவனா தூங்கினாள். காலையில் படுத்தவள் மதியம் தாண்டியும் எழவில்லை. கணவன் என்ற முறையில் எனக்குக் கவலை வந்துவிட்டது. இருட்டில் தடவித் தடவிப் போய், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

"என்னங்க, பேய் மாதிரி வந்து நிக்கிறீங்க!" என்று அலறிக்கொண்டு எழுந்தாள்.

விஷயம் தெரிந்து அங்கிள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. "நான் எவ்வளவு பாடுபட்டுத் தூங்க வச்ச பிள்ள தெரியுமா?" என்பதுதான் அவருடைய கோபம். ஆனால் புவனாவின் முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது. அவள் கார் ஓட்டும்போது நான் மனத்துக்குள் கும்பிடுவதும் மெல்ல நின்றுபோனது.

சில வருடங்கள் கழித்துப் புவனா பகல் வேலைக்கு மாறியிருந்தபோது, அங்கிளுக்குப் பித்தப்பையில் கல் என்று அவளுடைய வார்டிலேயே கொண்டுவந்து சேர்த்தோம். படுத்த அன்றே சீர்திருத்தத்தை ஆரம்பித்துவிட்டார். விளக்கு கண்ணைக் குத்துகிறது, தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடவில்லை, தலையணை செங்கல் மாதிரி இருக்கிறது. டாக்டரைப் பார்த்து, "உங்க ஷூ ரொம்பச் சத்தம் போடுது டாக்டர்" என்றாராம். புவனா என்னை போனில் கூப்பிட்டு, "உங்க ஆள வந்து கூட்டிக்கிட்டுப் போயிருங்க" என்றாள்.

ஆனால் ஆபரேஷன் அன்று காலை அவர் ஒரு குறையும் சொல்லவில்லையாம். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கூரையையே பார்த்தபடி இருந்தாராம். தள்ளுவண்டியில் ஏற்றும் நேரத்தில் புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"அம்மாடி, ஊசி போட்டுத் தூங்க வைப்பாங்களே... அதுல இருந்து எழுந்திரிச்சிருவேன்ல?"

"எழுந்திரிப்பீங்க அங்கிள்."

"இல்ல, மத்த தூக்கம்னா எனக்குத் தெரியும். இது எப்படிப்பட்ட தூக்கம்னு தெரியலம்மா."

"முழிக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன்" என்று புவனா சொல்லியிருக்கிறாள். அப்படியே இருந்தாள். நல்லபடியாக முடிந்து அவர் கண் விழித்தபோது ஷிப்ட் முடிந்திருந்தும் அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

மறுநாள் பிற்பகல் ஆரஞ்சுப் பழங்களோடு அவரைப் பார்க்கப் போனேன். அங்கிள் வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு குடும்பமே சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தது. நான் போய், "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்று கேட்டுக்கொண்டேன். அங்கிள் முகத்தில் வெயில் விழுந்த பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டு, மறைத்தாற்போல் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியது, சொல்ல வேண்டியது என்று நிறைய வைத்திருந்தேன். பார்வையாளர் நேரம் முடிகிறவரை அவர் விழிக்கவில்லை. பழங்களைத் தலைமாட்டில் வைத்துவிட்டு மெல்ல எழுந்து வந்துவிட்டேன். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.